மின்சுற்று சோதனைப் பெட்டி: பொருட்கள் நன்று, கையேடுதான் காலை வாருகிறது

பள்ளிப் பிள்ளைகளுக்கான மின்சுற்று சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கி, ஒன்பதாம் வகுப்பு படிக்கிற அக்கா மகளோடும் ஆறாம் வகுப்பு படிக்கிற அவள் தம்பியோடும் உட்கார்ந்து ஒரு பொருள் விடாமல் சோதித்துப் பார்த்தேன். ஏறக்குறைய இதே பெட்டி வெவ்வேறு பெயர்களில் கிடைக்கிறது, அதனால் பெயர் முக்கியமில்லை. உள்ளே என்ன இருக்கிறது, அது பிள்ளைக்கு என்ன கற்றுக்கொடுக்கிறது என்பதுதான் விஷயம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். ஆனால் முதல் வேலையாக பல்புகளை மாற்றிவிடுங்கள், கூடவே வருகிற கையேட்டை நீங்கள் ஒருமுறை படித்துத் திருத்தாமல் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள்.

இரண்டு ஏஏ செல் போடுகிற ஹோல்டர், மூன்று குட்டி டார்ச் பல்புகள், அவற்றைத் திருகி வைக்க மூன்று ஹோல்டர்கள், திறந்து மூடுவது கண்ணுக்குத் தெரிகிற கத்தி சுவிட்ச், இரு முனையிலும் குரோக்கடைல் கிளிப் வைத்த வயர்கள், ஒரு மீட்டர் நிக்ரோம் கம்பி, சில மின்தடையங்கள், சிவப்பும் நீலமுமாக இரண்டு எல்இடி, திசைகாட்டி, சின்ன மோட்டார், அப்புறம் வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் அளக்கிற ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். இவ்வளவுதான் பெட்டி. இந்த மல்டிமீட்டர் ஒன்றுக்காகவே வாங்கலாம் என்பேன். பல பெட்டிகளில் பல்ப் எரிகிறதா இல்லையா என்பதோடு கதை முடிந்துவிடும், அளக்க வழியே இருக்காது. மின்னோட்டம் கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரம். அளந்து பார்க்காத பிள்ளை ஓம் விதியை மனப்பாடமாக ஒப்பிக்கும், ஆனால் ஒரு சுற்றைக் காட்டி இந்த இடத்தில் எவ்வளவு ஓடும் என்று கேட்டால் விழிக்கும்.

இப்போது பல்புக்கு வருகிறேன், ஏனென்றால் என் பெரிய குறையே அதில்தான். கையேட்டின் இரண்டாவது சோதனை தொடர் இணைப்பு. செல், பல்ப், இன்னொரு பல்ப், சுவிட்ச், மறுபடி செல் என்று ஒரே வளையமாக இணைக்க வேண்டும். இணைத்தோம். முதல் பல்ப் நன்றாக எரிந்தது, இரண்டாவது செக்கச்செவேல் என்று மங்கலாக ஒரு இழை மட்டும் தெரிந்தது. உடனே சின்னவன், "பாத்தீங்களா சித்தி, முதல் பல்பே கரண்ட்டை எல்லாம் தின்னுடுது, மிச்சம்தான் அடுத்ததுக்குப் போகுது" என்றான். மின்சாரம் படிக்கிற பிள்ளைகளிடம் மிகவும் பிடிவாதமாக ஒட்டிக்கொள்ளும் தப்பான எண்ணம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், அதற்கு இந்தப் பெட்டியே சாட்சி சொல்லிக்கொடுக்கிறது!

உண்மையில் நடந்தது வேறு. பல்பின் உலோகக் கழுத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தால் தெரியும்: ஒன்றில் 2.5 வோல்ட், 0.2 ஆம்பியர். மற்ற இரண்டில் 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர். கண்ணாடி, திருகு, அளவு எல்லாம் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருப்பதால் கலந்து போட்டுவிட்டார்கள். அதே 2.5 வோல்ட்டில் குறைவான மின்னோட்டத்தைத்தான் விடுகிறது என்பதால் 0.2 ஆம்பியர் பல்பின் மின்தடை அதிகம். தொடர் இணைப்பில் எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம் ஓடுவதால், மின்தடை அதிகமாக உள்ள பல்புதான் மின்னழுத்தத்தில் பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும், அதுதான் பிரகாசமாக எரியும். இரண்டு பல்புகளையும் இடம் மாற்றிப் போடச் சொன்னேன். பிரகாசம் பல்போடு போனது, இடத்தோடு தங்கவில்லை. சின்னவன் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே.

அதற்கப்புறம் மல்டிமீட்டரை ஆம்பியர் பக்கம் வைத்து, செல்லுக்கும் முதல் பல்புக்கும் நடுவில், இரண்டு பல்புகளுக்கும் நடுவில், இரண்டாவது பல்புக்கும் செல்லுக்கும் நடுவில் என்று மூன்று இடத்திலும் சுற்றை வெட்டி வெட்டி இணைத்து அளந்தோம். மூன்றிலும் 0.18. கொஞ்சம்கூடக் குறையவில்லை. பிறகு வோல்ட் பக்கம் திருப்பி ஒவ்வொரு பல்பின் இரு முனைகளிலும் வைத்தால், ஒன்றில் சுமார் 2 வோல்ட், இன்னொன்றில் சுமார் 1 வோல்ட். கூட்டினால் செல் ஹோல்டரின் முனைகளில் இருக்கிற 3 வோல்ட் அப்படியே வருகிறது. ஒரு சந்திக்கு வருகிற மின்னோட்டம் அப்படியே வெளியேறும், ஒரு வளையத்தில் ஒவ்வொன்றும் எடுக்கிற மின்னழுத்தத்தைக் கூட்டினால் செல்லின் மின்னழுத்தம் வரும் என்று இயற்பியலாளர் கிர்க்காஃப் 1845-ல் சொன்ன இரண்டு விதிகளும் அந்த மேசையிலேயே, கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி நின்றன. அதாவது, பெட்டியில் தப்பாக வந்த பல்பும் ஒரு நல்ல பாடம்தான், பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் இருந்தால். தனியாக உட்கார்ந்து செய்கிற பிள்ளைக்கு அது பாடம் இல்லை, பொறி.

கையேடு இதை இன்னும் கெடுக்கிறது. "செல்லிலிருந்து புறப்படும் மின்னோட்டம் பல்பில் செலவாகி ஒளியாக மாறுகிறது" என்று அச்சிட்டிருக்கிறார்கள். மின்னோட்டம் செலவாவதில்லை. சைக்கிளில் மிதிக்கிற விசை பின்சக்கரத்துக்குப் போகிறது, ஆனால் செயின் எங்கும் தேய்ந்து தீர்ந்துபோவதில்லை, போன கண்ணி எல்லாம் திரும்ப வருகிறது. சுற்றிலும் அப்படித்தான், எலக்ட்ரான்கள் சுமக்கிற மின்னூட்டம் சுற்றி வருகிறது, ஆற்றல்தான் செல்லிலிருந்து பல்புக்குக் கைமாறுகிறது. அடுத்த பக்கத்திலேயே "எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் செல்லிலிருந்து பல்புக்குப் பாய்கின்றன, அதனால் பல்ப் உடனே எரிகிறது" என்று இன்னொன்று. 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செப்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரான்கள் சராசரியாக நகர்வது நொடிக்கு 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு எலக்ட்ரான் 20 சென்டிமீட்டர் வயரைக் கடக்க முக்கால் மணி நேரம் ஆகும். பல்ப் உடனே எரிவதற்குக் காரணம், வயர் முழுக்க, பல்பின் இழை உட்பட, ஏற்கெனவே எலக்ட்ரான்கள் நிறைந்திருக்கின்றன. சுவிட்ச் போட்டதும் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நகர ஆரம்பிக்கின்றன. இதைச் சொன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிறது, ஏன் தப்பாக எழுத வேண்டும் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

ஒரே அளவுள்ள மூன்று 2.5 வோல்ட் 0.3 ஆம்பியர் பல்புகளை வாங்கி மாற்றியபின் பெட்டியின் தரமே வேறாகிவிட்டது. தொடர் இணைப்பில் இரண்டும் சமமாக எரிந்தன. அப்போது ஒரு பல்பைக் கழற்றச் சொன்னேன், இரண்டும் அணைந்தன, அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கழற்றிய காலி ஹோல்டரின் இரு முனைகளிலும் வோல்ட் மீட்டரை வைத்தால் என்ன காட்டும்? அக்கா மகள் யோசிக்காமல் சைபர் என்றாள். காட்டியது 3.2, செல்லின் முழு மின்னழுத்தமும் அந்த இடைவெளியில்தான் நிற்கிறது. எரியாமல் கிடக்கிற நல்ல பல்பின் முனைகளில்தான் சைபர். மின்னோட்டம் இல்லாத இடத்தில் மின்னழுத்தம் இருக்க முடியும் என்பதை இவ்வளவு சுளுவாகக் காட்டுகிற வேறு சோதனை எனக்குத் தெரியாது. இது கையேட்டில் இல்லை, நீங்களே செய்து பாருங்கள்.

ஒவ்வொரு பல்பையும் தனித்தனியாகச் செல்லின் இரு முனைகளோடு இணைக்கிற பக்க இணைப்புச் சோதனையில் கையேடு, "ஒரு பல்பைச் சேர்ப்பதால் மற்ற பல்புகளின் ஒளி மாறாது" என்கிறது. மாறியது. பெட்டியோடு வந்த செல்கள் சாதாரண துத்தநாக-கார்பன் செல்கள். எதையும் இணைக்காதபோது ஹோல்டர் முனைகளில் 3.1 வோல்ட், ஒரு பல்ப் எரியும்போது 2.8, மூன்றும் பக்க இணைப்பில் எரியும்போது 2.3 வரை இறங்கிவிட்டது. கண்ணுக்கே மங்கல் தெரிந்தது. செல்லுக்குள்ளேயே ஒரு மின்தடை இருக்கிறது, அகமின்தடை என்பார்கள், மின்னோட்டம் கூடக் கூட அதற்கே கொஞ்சம் வோல்ட் போய்விடும். இந்த எண்களைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் அவர்களே கணக்குப் போட்டுவிடுவார்கள்: 0.3 ஆம்பியருக்கு 0.3 வோல்ட் இறங்கினால் இரண்டு செல்லுக்கும் சேர்த்து அகமின்தடை சுமார் 1 ஓம். அல்கலைன் செல் போட்டால் இறக்கம் வெகுவாகக் குறைகிறது. கையேடு சொல்வது அகமின்தடையே இல்லாத லட்சிய செல்லுக்குப் பொருந்தும், கையில் இருக்கிற செல்லுக்கு இல்லை. அதை ஒரு வரியில் சொல்லியிருந்தால் தங்கமான சோதனையாகியிருக்கும், சொல்லாததால் கண் பார்ப்பது ஒன்று, புத்தகம் சொல்வது ஒன்று என்று பிள்ளை குழம்புகிறது.

ஓம் விதிக்கு வருவோம். மின்னோட்டமும் மின்னழுத்தமும் நேர்விகிதத்தில் இருக்கும் என்று ஓம் 1827-ல் வெளியிட்டது உலோகக் கடத்திகளுக்கு, அதுவும் வெப்பநிலை மாறாமல் இருந்தால். கையேடு இந்த விதியைச் சரிபார்க்க டார்ச் பல்பைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது, வரைபடம் நேர்கோடாக வரும் என்றும் எழுதியிருக்கிறது. வராது! அணைந்து கிடக்கிற பல்பை மல்டிமீட்டரின் ஓம் பக்கம் வைத்து அளந்தால் 1 ஓமை ஒட்டிக் காட்டுகிறது. அதே பல்ப் 2.5 வோல்ட்டில் 0.3 ஆம்பியர் இழுத்து எரியும்போது அதன் மின்தடை 8 ஓமுக்கு மேல். டங்ஸ்டன் இழை சூடேறச் சூடேற மின்தடை கூடுகிறது, அதனால் கோடு வளைந்துதான் போகும். நேர்கோடு வர வேண்டும் என்று நம்புகிற பிள்ளை, வளைந்த புள்ளிகளை அழித்துவிட்டு ஸ்கேல் வைத்து இழுத்துவிடும். அறிவியலில் அதைவிட மோசமான பழக்கம் எதையும் ஒரு பெட்டி கற்றுக்கொடுக்க முடியாது, இதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தச் சோதனைக்குத் தேவையானது பெட்டிக்குள்ளேயே இருக்கிறது: நிக்ரோம் கம்பி. என்னைக் கேட்டால் மல்டிமீட்டருக்கு அடுத்த நல்ல பொருள் இதுதான். செம்பைவிட அறுபது மடங்குக்கு மேல் தன்மின்தடை உள்ள உலோகக் கலவை, மெல்லியதாகவும் இருப்பதால் மின்தடை கையால் அளக்கிற அளவுக்கு வருகிறது. ஸ்கேல் மேல் நீட்டி இரு முனையிலும் டேப் ஒட்டி, மல்டிமீட்டரை 200 ஓம் நிலையில் வைத்தோம். முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், 0.3 ஓம் காட்டியது, அது மீட்டர் வயரின் சொந்த மின்தடை, எல்லா அளவிலிருந்தும் கழித்துவிட வேண்டும். கழித்தபின் ஒரு மீட்டருக்கு 34.9 ஓம், பாதி நீளத்துக்கு 17.5. சரி, நீளம் பாதியானால் மின்தடை பாதி. அடுத்ததுதான் சுவாரசியம்: முழுக் கம்பியையும் நடுவில் மடித்து, இரண்டு நுனிகளையும் ஒரே கிளிப்பில் பிடித்து, மடிப்பில் இன்னொரு கிளிப்பை வைத்து அளந்தால் எவ்வளவு? பாதி என்றான் சின்னவன். காட்டியது 8.7, கால் பங்கு. நீளம் பாதி, பரப்பு இரட்டிப்பு, இரண்டும் சேர்ந்து கால். அக்கா மகள் அதை வாய்ப்பாட்டில் போட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் ஒருமுறை அளந்தாள். பாடப்புத்தகத்துப் பயிற்சிக் கணக்கு ஒன்று கையில் கம்பியாக வந்து நிற்கிற இடம் அது.

ஆனால் இதே கம்பியை வைத்துக் கையேட்டில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. வெப்ப விளைவைக் காட்ட 5 சென்டிமீட்டர் துண்டை இரண்டு செல்லில் இணைத்து "விரலால் தொட்டுச் சூட்டை உணர்" என்கிறார்கள். அந்தத் துண்டின் மின்தடை 2 ஓம்கூட வராது, ஓடுகிற மின்னோட்டம் 1 ஆம்பியரை நெருங்கும், நூல் கனமுள்ள அந்தக் கம்பி தோலைச் சுட்டுவிடும். தொட வேண்டாம், மெழுகுத் துளி ஒன்றை வைத்து உருகுவதைப் பார்த்தால் போதும். நீண்ட கம்பியில் சூடு தெரியாமல் குட்டைக் கம்பியில் ஏன் இவ்வளவு சூடு என்று கேட்டால், மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வெப்பம் கூடும் என்கிற ஜூலின் விதிக்கு அதுவே நல்ல வாசல். கையேட்டில் எந்தப் பக்கத்திலும் குறுக்குச் சுற்று (நடுவில் பல்ப் எதுவும் இல்லாமல் செல்லின் இரு முனைகளும் நேராக இணைந்துவிடுவது) பற்றி எச்சரிக்கை இல்லை, வீட்டு மின்சார பிளக்கில் இந்த வயர்களைச் செருகவே கூடாது என்ற வரியும் இல்லை. அட்டையின் மேலேயே பெரிய எழுத்தில் இருக்க வேண்டிய விஷயம் அது. ரீசார்ஜ் செய்கிற லித்தியம் பேட்டரிகளையும் இதில் பயன்படுத்த விடாதீர்கள், குறுக்குச் சுற்றானால் மிகப் பெரிய மின்னோட்டம் பாய்ந்து தீப்பிடிக்கக்கூடும்.

மல்டிமீட்டர் பற்றி ஒரு எச்சரிக்கை, இதைக் கவனிக்காவிட்டால் முதல் நாளே அது பாதி ஊமையாகிவிடும். கையேடு பல்பின் மின்னோட்டத்தை 200 மில்லி ஆம்பியர் நிலையில் அளக்கச் சொல்கிறது. பல்ப் இழுப்பதோ 300 மில்லி ஆம்பியர். அப்படி அளந்தால் உள்ளே இருக்கிற ஃப்யூஸ் போய்விடும், மாற்று ஃப்யூஸும் பெட்டியில் தரவில்லை. சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகித்தான் அளக்க வேண்டும். ஆனால் அந்தத் துளைக்கு ஃப்யூஸ் பாதுகாப்பு கிடையாது என்று மீட்டரின் முகத்திலேயே அச்சிட்டிருக்கிறது, அதனால் அளந்து முடித்ததும் சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை. மறந்துபோய் அப்படியே செல்லின் இரு முனைகளில் வைத்தால் அது வோல்ட் மீட்டர் ஆகாது, நேரடிக் குறுக்குச் சுற்று. அம்மீட்டர் தொடர் இணைப்பில், வோல்ட் மீட்டர் பக்க இணைப்பில் என்று பரீட்சைக்கு எழுதுகிற வரிக்குப் பின்னால் இருக்கிற காரணமே இதுதான்: அம்மீட்டரின் மின்தடை மிகக் குறைவு, வோல்ட் மீட்டரின் மின்தடை மிக அதிகம்.

வயர்கள் சுமார்தான். சில கிளிப்புகளில் செப்பு இழையைக் கவ்வாமல் மேலுறையை மட்டும் கவ்வி நசுக்கியிருக்கிறார்கள், வெளியே பார்க்க நன்றாக இருக்கும், சுற்று மட்டும் வேலை செய்யாது. மல்டிமீட்டரின் பீப் நிலையில் ஒவ்வொரு வயரையும் முதலில் சோதித்து, ஒலிக்காததன் ரப்பர் உறையைப் பின்னால் தள்ளி சால்டரிங் செய்துவிட்டால் சரியாகிவிடும். எரியாத சுற்றில் கோளாறு எங்கே என்று பீப் ஒலியால் தேடுகிற பழக்கம் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப்போனது. எல்இடி விஷயத்தில் ஒன்று: சிவப்பு எல்இடிக்கு ஏறக்குறைய 2 வோல்ட், நீலத்துக்கு 3 வோல்ட்டை ஒட்டி வேண்டும். ஒரே செல்லில் எரியும் என்று கையேடு சொல்வதை நம்ப வேண்டாம், இரண்டு செல்லும் 100 ஓம் மின்தடையமும் போட்டு, திசை மாறாமல் இணைத்தால் சிவப்பு நன்றாக எரியும், நீலம் கொஞ்சம்தான் மினுக்கும். திசைகாட்டியை வயருக்குக் கீழே வைத்து சுவிட்ச் போட்டால் முள் திரும்புகிற ஒயர்ஸ்டெட் சோதனை, 1820-ல் நடந்தது, இதில் அருமையாக வருகிறது.

கணினியில் இலவசமாகக் கிடைக்கிற ஃபெட் (PhET) மின்சுற்றுப் பயிற்சி இருக்க இந்தப் பெட்டி எதற்கு என்று கேட்பவர்களுக்கு: இரண்டும் வேண்டும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் அந்தப் பயிற்சியில் எலக்ட்ரான்கள் சுற்றி வருவது திரையில் தெரியும், எதுவும் செலவாகவில்லை என்பது பார்த்த உடனே விளங்கிவிடும், செல்லின் அகமின்தடையைக்கூட நாமே கூட்டிக் குறைக்கலாம். ஆனால் தளர்ந்த கிளிப்பும் சூடாகிற கம்பியும் கலந்துபோன பல்பும் திரைக்குள் வராது. பெட்டியில் அளந்துவிட்டு அதே சுற்றைத் திரையில் போட்டு எண்களை ஒப்பிடச் சொன்னேன், எங்கே வித்தியாசம் வருகிறது, ஏன் என்று இருவரும் சண்டை போட்டுக்கொண்டார்கள், நல்ல சண்டை.

ஏழாம் வகுப்புக்குக் கீழே உள்ளவர்களுக்கு மல்டிமீட்டரைப் பெரியவர்கள் பிடிக்கட்டும், எட்டிலிருந்து பத்து வரை படிப்பவர்களிடம் தாராளமாக விடலாம். கூடவே ஒரே அளவு பல்புகள், அல்கலைன் செல்கள், மீட்டருக்கு உரிய ஃப்யூஸ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த மோட்டார். அதைச் செல்லில் இணைத்துச் சுழலவிடுவதோடு கையேடு விட்டுவிடுகிறது. செல்லைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை 2 வோல்ட் நிலையில் வைத்து, அச்சை விரலால் வேகமாகச் சுண்டிவிடச் சொல்லுங்கள். எண் எழும்பும். எதிர்ப்பக்கம் சுண்டினால் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வரும். காந்தத்துக்கு நடுவே கம்பிச்சுருள் சுழன்றால் மின்னழுத்தம் பிறப்பது, அதாவது ஃபாரடே 1831-ல் கண்ட மின்காந்தத் தூண்டல், மேல்வகுப்புப் பாடம்தான், ஆனாலும் சின்னவன் கேட்ட கேள்விகளைப் பார்த்தால் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை என்றுதான் தோன்றுகிறது.